என்ஜின் நின்றபின் எஞ்சும் உயரம்

சிறு விமானத்தின் என்ஜின் ஆகாயத்தில் நின்றுவிட்டால் அது கல்லைப்போல் விழுந்துவிடும் என்று பாமரர் அஞ்சுவது இயல்பேயாயினும், உண்மை அவ்வாறன்று. செஸ்னா 172 போன்றதோர் ஊர்தி, ஏறத்தாழ 65 நாட் வேகத்தைக் காத்துக்கொள்ளுமானால், ஓரடி இறங்குவதற்குள் ஒன்பதடி முன்னேறும். ஆகவே 3,000 அடி உயரத்தில் சக்தியிழந்த விமானிக்கு இறங்குமிடத்தை ஆராயச் சில நிமிஷங்களேனும் உண்டு. புறப்பட்டு 500 அடி ஏறுமுன் என்ஜின் ஓய்ந்தாலோ, அந்த அவகாசம் இல்லை. அந்நிலையில் என்ஜினின் பழுதைக்காட்டிலும், விட்டுவந்த ஓடுபாதைக்கே மீளவேண்டுமென்னும் ஆசையே பேராபத்தானது என்பது என் துணிபு.

மீளுதல் என்பது 180 பாகை திரும்புவதோடு முடிவதன்று. அரைவட்டமடித்த விமானம் பாதைக்குப் பக்கவாட்டில் விலகி நிற்குமாதலால், மேலும் திரும்பிப் பாதையின் கோட்டை அடைந்து, பின்னர் எதிர்ப்புறமாகவும் திரும்பியாகவேண்டும். 45 பாகைச் சாய்வில் இறக்கைகள் தாங்கும் பாரம் 1.4 மடங்காகிறது, இறக்கைகளின் ஏந்துசக்தி குலையும் ஸ்டால் என்னும் நிலை நேரும் வேகமும் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு உயர்கிறது. தரை நெருங்கக் கண்டு கலங்கியவன் தன்னையறியாமலே மூக்கை உயர்த்த, வேகம் குன்றி, ஓரிறக்கை ஏந்துசக்தியை இழந்து கவிழ்கிறது.

டேவிட் ராஜர்ஸ் என்னும் அறிஞர் 1995இல் வெளியிட்ட ஆய்வில், 45 பாகைச் சாய்வோடு, ஸ்டாலுக்குச் சற்றே மேற்பட்ட வேகத்தில் திரும்பினால் உயரநஷ்டம் மிகக் குறையும் என்று நிறுவினார். அக்கணிதத்தில் குற்றம் காண்பதற்கில்லை. எனினும், அது வேண்டும் வேகம் மரணத்தின் விளிம்பை ஒட்டியது; திகைப்பில் கழியும் முதற் சில விநாடிகளுக்கோ அதில் இடமில்லை.

நேர்முன்னே இறங்குவதன் நியாயம் வேறொரு கணக்கில் இருக்கிறது. முன்னோக்கிய மோதலில் புவியீர்ப்பின் 9 மடங்கு விசையிலிருந்து உள்ளிருப்போரைக் காக்கும்படி சிறு விமானங்கள் வகுக்கப்பட்டுள்ளன. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் தரைதொடும் விமானத்தை அவ்வெல்லைக்குள் நிறுத்த, விசை சீராக இயங்குமாயின், மூன்று மீட்டருக்கும் குறைந்த தூரமே போதும்; வேகம் இருமடங்கானால் தூரம் நான்மடங்காகும். வேலியும் புதரும் விளைபயிரும், ஏன், இறக்கைகளே முறிந்துபோவதும்கூட அந்தத் தூரத்தை ஈட்டித் தரவல்லன. ஊர்தியைக் காக்க முயல்பவனுக்கு இந்தச் சகாயம் கிட்டுவதில்லை.

2015 மார்ச் 5ஆம் தேதி, கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவிலிருந்து கிளம்பிய நடிகர் ஹாரிஸன் போர்டின் ரயான் விமானம், இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பயிற்சி ஊர்தி, சக்தியை இழந்தது. கார்புரேட்டரில் எரிபொருளை அளந்துவிடும் ஜெட் தன் இருக்கையினின்று கழன்றிருந்தது. ஓடுபாதைக்குத் திரும்ப முயன்ற அவர், அது எட்டாதென்று உணர்ந்தவுடன் பென்மார் கோல்ப் மைதானத்தை நோக்கி இறங்கினார். மரவுச்சியில் மோதி விழுந்தும், பலத்த காயங்களோடு உயிர் பிழைத்தார். அக்காயங்கள் அத்துணைக் கடுமையானதற்குத் தோள்வார் சரிவரப் பொருத்தப்படாமையும் ஒரு காரணமென்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டது. மேற்சொன்ன 9 மடங்குக் கணக்கு, உடல் ஆசனத்தோடு பிணைந்திருக்கும் வரையில்தான் செல்லும்.