ஒழுங்கு யாருக்காக?

இங்கிலாந்தின் முதியோர் இல்லங்களில் உணவும் குளியலும் உறக்கமும் மணியடித்தாற்போல் நடப்பதற்குப் பழைய வேர் உண்டு. 1834ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டத்தால் பெருகிய ‘வொர்க்ஹவுஸ்’ எனும் ஏழையர் விடுதிகளில் வயதான தம்பதியரைக்கூடப் பிரித்தே வைத்தார்கள். அறுபது கடந்தவர்கள் சேர்ந்து வாழலாம் என்ற சலுகை 1847இல்தான் வந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஏழைகள் சட்டத்தை ஒழித்தது. ஆனால், அந்த விடுதிக் கட்டடங்கள் பல முதியோர் இல்லங்களாக அப்படியே நின்றன. சமூகவியலாளர் பீட்டர் டவுன்சென்ட் 173 இல்லங்களைப் பார்வையிட்டு 1962இல் வெளியிட்ட நூல், அந்தச் சுவர்களுக்குள் முதியவர்கள் இன்னும் பழைய கட்டுப்பாட்டிலேயே வாழ்வதை வெளிச்சமிட்டது.

அதற்காக, முதியவரைப் பார்க்க வருபவர் ஒழுங்கே கூடாது என்று எதிர்பார்க்க வேண்டியதில்லை. அது முதியவரின் வசதிக்காகவா, பணியாளரின் வசதிக்காகவா என்று கேட்க வேண்டும். குளிப்பாட்டும்போது வெளியே காத்திருப்பது நியாயம். காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்பப்படுவது நியாயமல்ல. வருகையாளர்கள் வேலையைக் குலைக்கிறார்கள், தொற்றைக் கொண்டுவருகிறார்கள் என்று நிர்வாகங்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால், கொரோனா காலத்தில் கதவுகள் மாதக்கணக்கில் அடைபட்டபோது தனிமையும் முதியவர்களை வாட்டியது. அந்தப் பட்டறிவுக்குப் பிறகு, விதிவிலக்கான சூழல் தவிர மற்ற நேரங்களில் வருகையாளரை அனுமதிப்பது 2024 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் சட்டக் கடமையாகிவிட்டது. உறவினரின் வருகை இல்லம் காட்டும் சலுகையல்ல, அங்கே வாழ்பவரின் உரிமை.