ஜமீன் மாளிகையைக் கடந்த இரு பெண்கள்

ஏற்காட்டிற்குச் செல்வோர் காணத் தவறாத இடங்களுள் ஒன்று ‘லேடீஸ் சீட்’ எனப்படும் பாறை முகடு. வெள்ளையர் காலத்துச் சீமாட்டி ஒருத்தி மாலைதோறும் அங்கு அமர்ந்து, கதிரவன் மறையும் அழகைக் கண்டு மகிழ்ந்தாள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. செல்வக் குடியிற் பிறந்த பெண் என்றால் உயரத்தில் அமர்ந்து உலகைப் பார்த்திருப்பவள் என்றே அக்காலத்தார் பலரும் எண்ணினர். சேர்வராயன் மலையினின்று நோக்கினால், கீழே சேலத்துச் சமவெளி விரிந்து கிடக்கும். அச்சமவெளியின் தென்மேற்கே, திருச்செங்கோட்டை அடுத்துள்ளது குமாரமங்கலம். அன்று சேலம் மாவட்டத்தில் இருந்த அவ்வூர் இன்று நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது. அவ்வூர் ஜமீன் குடும்பத்தைச் சேர்ந்த தாயும் மகளும் அந்த எண்ணத்தைப் பொய்யாக்கினர்.

தாயின் பெயர் இராதாபாய். 1891இல் மங்களூரில் சாரசுவத அந்தணர் குடும்பத்திற் பிறந்தவர். தந்தையார் குத்முல் ரங்கராவ், தாழ்த்தப்பட்ட மக்களின் குழந்தைகளுக்குப் பள்ளி நிறுவி, அதன் பொருட்டுத் தம் சாதியாரின் பகையைத் தேடிக்கொண்டவர். அவர் மகள் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பின்னர் ஆக்ஸ்போர்டிலும் பயின்றார்; கொங்கு வேளாளரான குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயனை மணந்தார். சாதி கடந்த திருமணம் அரிதினும் அரிதாயிருந்த காலம் அது. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக விளங்கினார்.

முதலமைச்சரின் மனைவி என்ற சிறப்போடு இராதாபாய் அமைந்துவிடவில்லை. 1930இல் இலண்டனில் கூடிய முதல் வட்டமேசை மாநாட்டிற்கு இந்தியாவினின்று சென்ற பெண் உறுப்பினர் இருவரே: ஒருவர் பேகம் ஷா நவாஸ், மற்றொருவர் இவர். சட்டமன்றங்களில் பெண்களுக்குச் சில காலத்திற்கேனும் தனி இடங்கள் ஒதுக்கப்பட வேண்டும் என இவர் வாதாடினார். இதனை எதிர்த்தவர்கள் யார்? பழைமைவாதிகள் மட்டுமல்லர், நாட்டின் முன்னணி மாதர் சங்கங்களே எதிர்த்தன! ‘எமக்குச் சலுகை வேண்டா, வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமையும் சமத்துவமுமே வேண்டும்’ என்பது அவர்தம் நிலை. அந்நிலை பெருமைக்குரியதே. மேலும், இராதாபாய் மக்கள் தேர்ந்தெடுத்தனுப்பிய பிரதிநிதி அல்லர். ஆங்கில அரசு அழைத்தனுப்பியவர். ஆயினும், கதவு திறந்திருக்கிறது என்று சொல்வதனால் மட்டும் பெண்கள் உள்ளே சென்றுவிட முடியாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1932இல் லோதியன் வாக்குரிமைக் குழுவிலும் உறுப்பினராயிருந்தார். 1935ஆம் ஆண்டுச் சட்டம் மாகாணச் சட்டமன்றங்களில் பெண்களுக்கு 41 இடங்களை ஒதுக்கியது. 1938இல் இராதாபாய் மத்திய மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதில் இடம்பெற்ற முதற் பெண்மணி அவரே.

மகள் பார்வதி 1919இற் பிறந்தார். அவரும் ஆக்ஸ்போர்டிற் பயின்றார். ஆனால் அங்கிருந்து அவர் கொண்டுவந்தது பொதுவுடைமைக் கொள்கை. தமையனார் மோகன் குமாரமங்கலமும் அவ்வழியினரே. 1941இல் சென்னைச் சதி வழக்கில் சிறைப்பட்டவர். 1942இல் பார்வதி, கட்சித் தோழரான என். கே. கிருஷ்ணனை மணந்தார். ஜமீன் வீட்டில் வளர்ந்தவர், கோவைப் பஞ்சாலைத் தொழிலாளரிடையே சங்கப் பணியை மேற்கொண்டார். விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் தந்தையார் மாகாணத்தின் உள்துறை அமைச்சர். மக்களோ அரசின் கண்காணிப்புக்கு உள்ளாகிய கட்சியில்! 1948இல் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டமும் நிறைவேறியது.

1957ஆம் ஆண்டுத் தேர்தலில் திருச்செங்கோட்டினின்று சுப்பராயன் காங்கிரஸ் உறுப்பினராகவும், கோவையினின்று பார்வதி கிருஷ்ணன் பொதுவுடைமைக் கட்சி உறுப்பினராகவும் மக்களவைக்குச் சென்றனர். 1959இல் சுப்பராயன் மத்திய அமைச்சரானார். தந்தை அமைச்சர் வரிசையில், மகள் எதிர்க்கட்சி வரிசையில். ஒரே குடும்பத்தில் இத்தகைய கருத்து வேற்றுமைக்கு இடமிருந்ததெனில், அதற்கு வித்திட்டவர் எவர் சொல்லுக்கும் அஞ்சாத அந்தத் தாயே எனல் மிகையாகாது.

மாணவர்களே, தாயும் மகளும் கொண்ட கொள்கைகள் வேறு. ஒருவர் ஆட்சியாளரோடு அமர்ந்து வாதாடினார். மற்றவர் ஆட்சியை எதிர்த்துப் போராடினார். இருவர்க்கும் கல்வியையும் கடல்கடந்த பயணத்தையும் அளித்தது செல்வமே. அவ்வாய்ப்பு உழவர் குடிப் பெண்ணுக்கு அன்று இல்லை. இதனை மறத்தல் கூடாது. ஆனால், வாய்ப்புப் பெற்ற பலரும் அமர்ந்து பார்த்திருந்த காலத்தில் இவர்கள் இறங்கி வந்தனர். இராதாபாய் எழுப்பிய வினாவும் ஓய்ந்துவிடவில்லை. 1992இல் நிறைவேறிய 73ஆவது அரசியற் சட்டத்திருத்தம் ஊராட்சிகளிலும், 2023ஆம் ஆண்டின் 106ஆவது திருத்தம் நாடாளுமன்ற மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடங்களை வகுத்தன. இலண்டனில் எழுப்பப்பட்ட அவ்வாதம், தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னர் நாட்டின் சட்டமாயிற்று. ஏற்காட்டு முகட்டில் நின்று சமவெளியை நோக்கும்போது, குமாரமங்கலத்து இப்பெண்மணிகளையும் நினைவுகூர்வீர்களாக.