உப்பளப் பிள்ளைகளும் குழந்தைச் சட்டமும்

குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் இயற்றிய முதல் இந்திய மாகாணம் சென்னை. பிள்ளைகளைப் பெரியவர்களோடு சிறையில் அடைக்கலாகாது என்று அலெக்சாண்டர் கார்டியூ தலைமையிலான இந்தியச் சிறைக் குழு வலியுறுத்திய காலத்திலேயே, 1920இல், சென்னைக் குழந்தைகள் சட்டம் பிறந்தது. வங்காளம் 1922இலும் பம்பாய் 1924இலும் பின்தொடர்ந்தன. செங்கல்பட்டுச் சீர்திருத்தப் பள்ளி இன்னும் பழையது, 1887இல் தொடங்கியது. பெருமைக்குரிய மரபுதான். ஆனால் குற்றம் செய்த பிள்ளையும் நாதியற்ற பிள்ளையுமே அன்று சட்டத்தின் முதல் கவலை. தாய் தகப்பனோடு சேர்ந்து உழைத்துக் களைத்த பிள்ளை அதன் கண்ணில் பட வெகுகாலம் ஆயிற்று.

அந்தப் பிள்ளையை நினைத்தால் எனக்கு விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் உப்பளம்தான் முன்னால் வருகிறது. தை, மாசியில் அங்கே பாத்தி மிதிப்பு தொடங்கும். மழையில் இளகிக் கிடக்கும் களித் தரையைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். பிறகு உப்புநீர் பாய்ச்சி, விளைந்த உப்பைப் பலகையால் வாரி வரப்பில் குவிக்க வேண்டும். வெறுங்காலோடு நிற்பவர்களுக்குப் பாதம் வெடிக்கும். வெடிப்பில் உப்புநீர் இறங்கினால் ராத்திரியெல்லாம் காந்தும். வெள்ளைப் பரப்பிலிருந்து திரும்பி அடிக்கும் வெயில் கண்ணைத் திறக்க விடாது. வளர்ந்தவர்களுக்கே இந்தப் பாடு.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், தொழிலாளர் சட்டங்களை மீறி வேலையில் வைக்கப்பட்ட பிள்ளையைப் 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை' என்று தெளிவாகச் சொல்கிறது. 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் அப்பிள்ளையைக் கொண்டுவர வேண்டும். குழந்தையின் உழைப்பைச் சுரண்டியவருக்கு 5 ஆண்டுவரை சிறை உண்டு. குறை சொல்ல முடியாத வாசகங்கள் இவை.

அடுத்த ஆண்டே, குழந்தைத் தொழிலாளர் சட்டத் திருத்தத்தில் ஒரு கதவு திறந்து வைக்கப்பட்டது. 14 வயதுக்கு உட்பட்டவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்று 2016இல் தடையை விரித்தவர்கள், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக மீதி நேரத்திலும் விடுமுறையிலும் பிள்ளை உதவலாம் என்று விலக்கும் கொடுத்தார்கள். பள்ளி விடுமுறை எப்போது? சித்திரை, வைகாசியில். உப்பு நன்றாக விளைவதும் அப்போதுதான். எழுதியவர்கள் உப்பளத்தை எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். குத்தகைதாரரின் அளத்தில் கூலிக்கு வாரும் தாய்க்கு அது குடும்பத் தொழிலே அல்ல. அவள் மகன் பலகை பிடித்தால் லாபம் வேறொருவருக்கு. இந்த விலக்கு உப்பளக் கூலிக் குடும்பங்களுக்குப் பொருந்தாது என்று அரசு வெளிப்படையாக அறிவிப்பதே நியாயம்.

ஐப்பசி முதல் மார்கழி வரை அளத்தில் வேலை கிடையாது. அடுப்பெரியக் கடன் வேண்டும், கடனுக்கு முன்பணம் வேண்டும். அந்த முன்பணத்துக்குப் பிள்ளையின் உழைப்பை அடகு வைப்பதை 1933லேயே சட்டம் தடுத்தது. 1976இல் கொத்தடிமை முறையே ஒழிக்கப்பட்டது. ஆனாலும் விழுப்புரம் மாவட்டத்து இருளர் குடும்பங்கள் முன்பணம் வாங்கி, செங்கல் சூளைகளிலும் மரம் வெட்டும் இடங்களிலும் குழந்தைகளோடு கட்டுண்டு கிடந்ததை அதன் பின்னரும் கண்டோம்.

உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் தரத் தமிழக அரசு அண்மை ஆண்டுகளில் முன்வந்தது. தொழிலாளர் நலத் திட்டம் என்றே அதைப் பேசுகிறோம். மரக்காணத்தைப் பொறுத்தவரை அதைக் குழந்தைப் பாதுகாப்பு நடவடிக்கையாகவே நான் எண்ணுகிறேன். மூன்று மாதத்துக்கு அந்தத் தொகை எம்மாத்திரம்? அதை உயர்த்தக் கேட்பவர்கள் பிள்ளைகளுக்காகவும் கேட்கிறார்கள். தகப்பனை இழந்த வீடுகளுக்கு 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகைக்கு வழியிருக்கிறது. விண்ணப்பத்தை எழுதிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

ஊராட்சி தோறும் கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மரக்காணம் வட்டாரத்தில் அக்குழுக்கள் புரட்டாசியிலேயே, மழைக்கு முன், கூட வேண்டும். தலைமையாசிரியர் வருகைப் பதிவேட்டைக் கொண்டுவரட்டும். நிவாரணப் பட்டியலும் பக்கத்தில் இருக்கட்டும். தை பிறந்து பாத்தி மிதிக்கும்போது இன்னொரு முறை கூடி, வகுப்பில் இல்லாத பெயர்களைக் கேட்டு அந்த வீடுகளுக்கு நடந்து போக வேண்டும்.