யாருடைய வீரர்கள்? கார்லைல் பாடசாலையும் ஜிம் தோர்ப்பும்

அமெரிக்காவில் மாநிலத்துக்கு அடுத்த நிர்வாகப் பிரிவைக் கவுண்டி என்பார்கள். தன் மண்ணில் விளையாடிய வீரர்களையும் அவர்களை உருவாக்கிய பயிற்றுநர்களையும் கல் நாட்டி, பெயர் சூட்டிக் கௌரவிப்பது அங்கு வழமை. ஊர்ப்பற்றின் வெளிப்பாடு என்ற அளவில் இதில் குறைகாண ஏதுமில்லை. ஆனால் அந்த வீரர் அந்த ஊருக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. பென்சில்வேனியாவின் கம்பர்லண்ட், கார்பன் ஆகிய இரு கவுண்டிகளின் கதை இதற்குச் சான்று.

கம்பர்லண்ட் கவுண்டியின் தலைநகர் கார்லைல். 1879இல் இராணுவ அதிகாரி ரிச்சர்ட் பிராற் இங்கிருந்த படைமுகாமில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலை ஒன்றைத் தொடங்கினார். பூர்வகுடி அடையாளத்தைக் கொன்று மனிதனைக் காப்பாற்றுவதே தன் நோக்கம் என 1892இல் அவர் வெளிப்படையாகவே பேசினார். பிள்ளைகளின் கூந்தல் வெட்டப்பட்டது, பெயர் மாற்றப்பட்டது, தாய்மொழி தடைசெய்யப்பட்டது. 1918இல் மூடப்படும்வரை 7,800க்கும் மேற்பட்ட பிள்ளைகள் இங்கு கொண்டுவரப்பட்டனர். பலர் வீடு திரும்பவில்லை.

இந்தப் பாடசாலைதான் அமெரிக்க உதைபந்தாட்டத்தின் வரலாற்றையே மாற்றிய அணியை உருவாக்கியது. 1911இல் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தை 18-15 எனவும், 1912இல் வெஸ்ற் பொயின்ற் இராணுவக் கல்லூரியை 27-6 எனவும் அவர்கள் வென்றார்கள். தங்கள் பாட்டன்மாரைச் சுட்ட இராணுவத்தின் வருங்கால அதிகாரிகளை மைதானத்தில் தோற்கடித்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. அன்று தோற்ற அணியில் விளையாடியவர்களில் ஒருவர் பின்னாளில் ஜனாதிபதியான ஐசனோவர்.

வென்ற அணியின் நட்சத்திரம் ஜிம் தோர்ப். சாக் அன்ட் பொக்ஸ் மக்களைச் சேர்ந்தவர். 1904இல் கார்லைலுக்கு வந்தார். 1912 ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக்கில் ஐந்து அம்சப் போட்டியிலும் பத்து அம்சப் போட்டியிலும் தங்கம் வென்றார். பூர்வகுடியினர் அனைவருக்கும் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது 1924இல்தான் என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும். 1909, 1910 கோடைகளில் வட கரோலினாவில் சிறு கூலிக்குப் பேஸ்போல் விளையாடியதைக் காரணம் காட்டி 1913இல் அவருடைய பதக்கங்கள் பறிக்கப்பட்டன. ஆட்சேபனைகளை 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற விதியே அங்கு மீறப்பட்டது. மற்றக் கல்லூரி மாணவர்கள் புனைபெயரில் செய்ததை அவர் சொந்தப் பெயரில் செய்திருந்தார், குற்றம் அவ்வளவே.

பயிற்றுநர் 'பொப்' வோர்னர் தமக்கு இது எதுவும் தெரியாது என்றார். தம் வீரர்கள் கோடையில் எங்கே போகிறார்கள் என்பதை அறியாத பயிற்றுநர் ஒருவரை நம்புவது கடினம். 1914இல் கொங்கிரஸ் குழு பாடசாலையை விசாரித்தபோது, வோர்னர் தங்களை இழிவாகத் திட்டியதையும் விளையாட்டு நிதி அவர் கைக்குள் இருந்ததையும் மாணவர்களே சாட்சியமாகச் சொன்னார்கள். வோர்னருக்கு இதனால் பெரிய நட்டம் ஏதுமில்லை. அவர் பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்துக்குப் போனார். இன்றும் அமெரிக்கச் சிறுவர்களின் உதைபந்தாட்ட அமைப்பு ஒன்று அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. தோர்ப்பின் பெயர் ஒலிம்பிக் பதிவேட்டில் தனி வெற்றியாளராக மீண்டும் ஏறுவதற்கோ 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1982இல் கிடைத்தது 'இணை வெற்றியாளர்' என்ற அரை நீதியே.

இனிக் கார்பன் கவுண்டி. 1953இல் தோர்ப் கலிபோர்னியாவில் இறந்தார். ஒக்லஹோமாவில் தம் மக்களின் சடங்கு நடந்துகொண்டிருக்கையில் அவருடைய மூன்றாவது மனைவி உடலை எடுத்துச் சென்றார். நிலக்கரித் தொழில் நலிந்துகொண்டிருந்த மோக் சங்க், கிழக்கு மோக் சங்க் என்ற இரு சிற்றூர்கள் அவருடன் ஒப்பந்தம் செய்துகொண்டன. 1954இல் இரண்டும் இணைந்து 'ஜிம் தோர்ப்' என்ற பெயரை ஏற்றன. உடலும் அங்கே புதைக்கப்பட்டது. அவர் ஒருநாளும் வாழ்ந்திராத ஊர் அது. ஒக்லஹோமாவிலிருந்தும் ஸ்டொக்ஹோம் மைதானத்திலிருந்தும் மண் கொண்டுவந்து கல்லறையின் கீழ் இட்டார்கள். மனிதனை மண்ணுக்குக் கொண்டுபோகாமல் மண்ணை மனிதனிடம் கொண்டுவந்தார்கள்.

உடலைத் திருப்பிக் கேட்டு 2010இல் தொடங்கிய வழக்கில் 2013இல் தோர்ப்பின் மகன்மார் வென்றார்கள். 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 2015இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது. அந்த ஊரவர்கள் கல்லறையை அன்போடு பராமரிக்கிறார்கள் என்பதும், பேரப்பிள்ளைகள் சிலர் ஊரின் பக்கம் நின்றார்கள் என்பதும் உண்மையே. இவற்றை மறைக்கத் தேவையில்லை. ஆனால் நல்லெண்ணம் உரிமை ஆகாது. புகழ் இருக்கும் இடத்தில் உடலும் இருக்க வேண்டும் என்ற தர்க்கம், பிள்ளைகளைப் பிடித்துவந்து பாடசாலையில் வைத்த தர்க்கத்திலிருந்து வெகுதூரம் விலகியதல்ல.

இதற்கு எதிர்நிலையில் ஒருவரை வைத்துப் பார்க்கலாம். அரசுப் பாடசாலையை எதிர்த்த ஹோப்பி மக்களில் சிலரோடு 1907இல் கைதியாகக் கார்லைலுக்குக் கொண்டுவரப்பட்டவர் லூயிஸ் தெவானிமா. 1912இல் 10,000 மீற்றர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். அதே தூரத்தில் இன்னொரு அமெரிக்கர் பதக்கம் பெற 1964 வரை செல்ல வேண்டியிருந்தது. அவரும் லக்கோட்டா பூர்வகுடியைச் சேர்ந்த பில்லி மில்ஸ். தெவானிமாவோ அரிசோனாவில் உள்ள தன் ஊருக்குத் திரும்பி ஆடு மேய்த்து, சடங்குகள் செய்து வாழ்ந்து, 1969இல் இறந்தார். அவர் பெயரில் ஹோப்பி மண்ணில் ஓட்டப் போட்டி நடத்துகிறார்கள். அவரைக் கௌரவிக்க அவர்கள் தேர்ந்த வழி ஓடுவது.

2017 முதல் கார்லைல் மயானத்திலிருந்து பிள்ளைகளின் எச்சங்கள் தோண்டியெடுக்கப்பட்டு அவரவர் மக்களிடம் ஒப்படைக்கப்பட்டு வருகின்றன. கம்பர்லண்ட் கவுண்டியின் விளையாட்டு வரலாறு இந்தப் புதைகுழிகளையும் சேர்த்தே எழுதப்பட வேண்டும். பிறந்த மண்ணில் புதைக்கப்படுவோமா என்று தெரியாத நாம், புகுந்த நாடுகளில் நம் பிள்ளைகள் பதக்கம் வெல்லும்போது கைதட்டுகிறோம். தட்டத்தான் வேண்டும். அந்தப் பெயர்களை நாளை எவர் கல்லில் பொறிப்பார்கள், எதை விட்டுவிட்டுப் பொறிப்பார்கள் என்பதையும் இப்போதே பேசத் தொடங்குவோம்.