நாடி, தமனி, ஆர்ட்டரி

1822 எண்டால் நல்லூரில் பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும், ஆறுமுக நாவலர் பிறந்த ஆண்டு எண்டு. அதே ஆண்டில்தான் அமெரிக்காவில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீனும் பிறந்தார். 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் வைத்தியம் பார்த்து, வைத்தியம் படிப்பித்தவர். வந்தது மதம் பரப்பத்தான், அதில் ஒளிவுமறைவு இல்லை. நாவலர் எதிர்த்து நின்றதும் அந்த மிஷன் வேலையைத்தான். ஆனாலும் தமிழ் உரைநடையைப் புது வேலைக்குப் பழக்கியதில் ரெண்டு பேரும் ஒரே காலத்து ஆட்கள். நாவலருக்கு எங்கள் ஊரில் மணிமண்டபம் இருக்கு. மானிப்பாய் ஆஸ்பத்திரியின் பெயரில் கிறீன் இருக்கிறார், அவ்வளவுதான்.

கிறீனின் வேலை எவ்வளவு சிக்கல் எண்டு விளங்க, குரல்வளைக்குப் பக்கத்தில் ரெண்டு விரலை மெதுவாக வைத்துப் பாருங்கள் (ஒரு பக்கம் மட்டும்!). துடிப்பது கரோட்டிட் நாடி. இடப்பக்கத்து நாடி இதயத்திலிருந்து வரும் பெருநாடியின் வளைவிலிருந்தே நேராகப் புறப்படும். வலப்பக்கத்தது அந்த வளைவின் ஒரு கிளையிலிருந்து பிரியும். குரல்வளையின் மேல் விளிம்பளவில் ஒவ்வொன்றும் ரெண்டாகும். வெளிக்கிளை முகத்துக்கும் உச்சந்தலைத் தோலுக்கும் போகும். உட்கிளை கழுத்தில் ஒரு கிளையும் விடாமல் நேரே மண்டைக்குள் ஏறும். பின்பக்கம், கழுத்து முள்ளெலும்புகளின் துளைகளூடாக இன்னும் ரெண்டு நாடிகள் வந்து ஒன்றாகும். எல்லாம் மூளையின் அடியில் ஒரு வளையமாகச் சந்திக்கும். அந்த வளையத்தை 1664இல் தோமஸ் வில்லிஸ் தன் நூலில் விவரித்தார். அதற்குப் படம் கீறியவர்களில் ஒருவர், பிறகு லண்டனில் சென் போல் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென்.

இவ்வளவையும் தமிழில் சொல்ல வேணும். கேட்கிறவர் நாளைக்குக் கழுத்துக் கட்டியில் கத்தி வைக்கப் போகிறவர். சொல் பிசகினால் உயிர் போகும்.

முதலில் கிறீனும் இங்கிலிஷில்தான் படிப்பித்தார். படித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடிப் போனார்கள். தமிழில் படித்தால் ஊரோடு நிற்பார்கள் எண்டு கணக்குப் போட்டு, 1864 தொடக்கம் தமிழுக்கு மாறினார். 1867இல் ‘இரண வைத்தியம்’ வந்தது. கிறேயின் உடற்கூற்று நூல் லண்டனில் 1858இல் வந்தது; அதையும் வேறு சில நூல்களையும் ஆதாரமாகக் கொண்ட ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இல் வந்துவிட்டது. வெறும் 14 வருஷம்! மொழிபெயர்ப்பில் அவருடைய மாணவர்களுக்கும் பெரும் பங்கு. தலைப்புகளைப் பார்த்தாலே அவர்களின் துணிச்சல் தெரியும்: ‘இரணம்’ நாட்டு வைத்தியர் வாயில் இருந்த சொல், ‘அங்காதிபாதம்’ வடமொழி, கெமிஸ்ட்ரியோ ‘கெமிஸ்தம்’ ஆனது. எங்களுக்கு ‘கெமிஸ்தம்’ நல்லாப் பிடிச்சிருக்கு.

1873இல் கிறீன் ஊர் திரும்பினார். 1870இலேயே கொழும்பில் அரசாங்க மருத்துவப் பள்ளி இங்கிலிஷில் தொடங்கியிருந்தது. மானிப்பாயின் தமிழ் வகுப்பு நிலைக்கவில்லை.

ஆனால் சொற்கள் பிழைத்தன. எங்கள் பள்ளிப் பாடநூலில் இரத்தத்தை இதயத்திலிருந்து கொண்டு போவது நாடி, திரும்பக் கொண்டு வருவது நாளம். தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு அவை தமனி, சிரை. உயர்தரத்தில் உயிரியலைத் தமிழில் எழுதி மருத்துவ பீடம் போகும் எங்கள் நண்பர்களுக்கு முதல் வாரமே எல்லாம் ஆர்ட்டரி. அஞ்சு வருஷத்துக்குப் பிறகு, பாரிசவாதம் வந்த ஒரு கிழவியின் பிள்ளைகளுக்குக் கழுத்து ஸ்கானைக் காட்டி, அடைப்பு எங்கே எண்டு அவர்கள் விளங்கப்படுத்த வேணும். தமிழில்.