அறுந்த வார்

பேராதனையில் கலஹா சந்தி முடக்கில் மழை பிடித்துக்கொண்டால் யாராவது ஒருத்தியின் செருப்பு வார் அறுந்துவிடும். அறுந்ததைக் கையில் தூக்கிக்கொண்டு விடுதிக்கு நடக்கும் பிள்ளையைக் காணும்போதெல்லாம் எனக்கு நீதாவின் ஞாபகம் வரும்.

நீதாவின் வார் அறுந்தது 1960இல், கல்கத்தாவில். ரித்விக் கட்டக்கின் 'மேகே தாக்கா தாரா' படத்தில், பிரிவினையில் ஊரிழந்து வந்த குடும்பத்தைத் தாங்கும் மகள் அவள். கையில் வரும் காசு தம்பிக்கும் தங்கைக்கும் பங்கு போய்விடும்; தனக்கென்று செருப்பு வாங்க மிஞ்சாது. ஒரு கணம் நின்று காலைப் பார்க்கிறாள், பிறகு நடக்கிறாள், அவ்வளவுதான். கடைசியில் காசநோயோடு மலைநாட்டுச் சனட்டோரியத்தில் கிடந்து, தான் வாழத்தானே ஆசைப்பட்டேன் என்று அண்ணனிடம் கதறுகிறாள். படம் அதோடும் முடியவில்லை. அதே தெருவில் வேறொரு பெண்ணின் வார் அறுகிறது. அவளும் சிரித்துவிட்டு நடக்கிறாள். செருப்பு கால்மாறிவிட்டது.

நீதாவாக நடித்த சுப்ரியா சௌத்ரி பர்மாவில் பிறந்தவர். யுத்தகாலத்தில், சின்ன வயதில், குடும்பத்தோடு கால்நடையாக இந்தியா வந்தவர். அந்த நடையை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கத் தேவையில்லை.

செருப்பு அடுத்துப் போன இடம் சென்னை. கே. பாலச்சந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை' (1974) கட்டக்கின் படத்துக்குக் கடன்பட்டது என்று சொல்பவர்கள் பலர். அதன் நாயகி கவிதாவின் செருப்பு நல்லாய்த்தான் இருந்தது, வாய்தான் கத்தி. வீட்டை விட்டுப்போன தகப்பன், குடிகார அண்ணன், விதவைத் தங்கை என்று எல்லோரையும் சுமக்கிறாள், சுமந்துகொண்டே திட்டுகிறாள். நீதா விழுங்கியதையெல்லாம் இவள் துப்பினாள். கவிதாவாக நடித்த சுஜாதாவை அந்தக் கோபத்துக்காகவே திரும்பத் திரும்பப் பார்க்கலாம். அவர் எங்கள் காலியில் பிறந்தவர் என்பது இங்கே பலருக்குத் தெரியாது.

ஆனால் முடிவு? தன் கல்யாணத்தைத் தங்கைக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, மறுபடியும் வேலைக்குப் போகிறாள் கவிதா.

பிறகு கவிதா மொழிக்கு மொழி ஒரே ஓட்டம். தெலுங்கில் ஜெயப்பிரதா (1976), இந்தியில் ரேகா (1982), கன்னடத்தில் சுஹாசினி (1983). இடையில் 1977இல் மாலா சின்ஹா நடித்து, 'கபிதா' என்ற பெயரில் வங்காளத்துக்கே திரும்பிப் போனதுதான் வேடிக்கை. புறப்பட்ட வாசலிலேயே விருந்தாளியாக வந்து நின்றாள். இந்திய சினிமாவில் பெண் மாறிவிட்டாள் என்று எழுதுகிறவர்கள் இந்தப் பட்டியலைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். குரல் உயர்ந்தது, உடுப்பு மாறியது. மூட்டையை அவள் தலையிலிருந்து இறக்கிவைக்க மட்டும் ஒருவருக்கும் மனம் வரவில்லை.

இறக்கிப் பார்த்த ஒருவர் எங்கள் பக்கத்துக்காரர். கண்டியில் பிறந்து, பேராதனையில் 1967இல் பட்டம் பெற்ற தர்மசேன பத்திராஜ. சிங்களவரான அவர் யாழ்ப்பாணத்தில் கம்பஸில் படிப்பித்த காலத்தில் எடுத்த தமிழ்ப்படம் 'பொன்மணி'. வெளிவந்தது அதே 1977. கதைவசனம் காவலூர் ராசதுரை. சித்திரலேகா மௌனகுரு, சர்வமங்களம் கைலாசபதி போன்ற கம்பஸ் வட்டத்தவர்களும் நடித்தார்கள். சீதனத்துக்கு வழியில்லாமல் தமக்கை வீட்டோடு இருக்க, பொன்மணி வேறு சாதிப் பையனை விரும்பிப் படியிறங்குகிறாள். வீட்டைச் சுமக்க அவள் நிற்கவில்லை. படம் ஓடவில்லை. கவிதாவுக்கு அழுத சனம் பொன்மணியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

பிற்காலத்தில் பத்திராஜ மொனாஷ் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள் வங்காள சினிமா. நீதாவின் ஊர். 2018 ஜனவரியில் காலமானார்.

கம்பஸில் படம் போடுகிற பிள்ளைகளுக்கு ஒரு விண்ணப்பம்: நீதா, கவிதா, பொன்மணி மூவரையும் ஒரே கிழமையில் போடுங்கள். பொன்மணியைக் கடைசியில்.