கணக்கு வாத்தியார் உருவான கதை

முன்னுரை

கணக்கு என்றாலே காய்ச்சல் வரும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. "அவனுக்குக் கணக்கு வராது" என்று பிள்ளை மேல் பழியைப் போட்டுவிடுவது சுலபம். சொல்லித்தரும் ஆசிரியரை நாம் எப்படித் தயார் செய்தோம் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. தமிழ்நாட்டில் அதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. அதைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

திண்ணையிலிருந்து நார்மல் பள்ளிக்கு

திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடிதான் கணக்குப் புத்தகம். முந்திரி, மாகாணி, அரைக்கால், கால் என்று பின்னங்களைக்கூடப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொன்னார்கள். வாத்தியாருக்குத் தனிப்பயிற்சி எதுவும் கிடையாது. தான் படித்த விதத்திலேயே சொல்லிக்கொடுத்தார். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வான். பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையைச் சென்னையில் நடத்திப் பார்த்த ஆண்ட்ரூ பெல், 1797-ல் அதைப் பற்றி இங்கிலாந்தில் புத்தகம் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்றே அதற்குப் பெயர் வந்தது.

ஆசிரியருக்கென்று அரசு நார்மல் பள்ளி சென்னையில் 1856-ல் தொடங்கியது. இன்றைய சைதாப்பேட்டைக் கல்வியியல் கல்லூரி அதன் வழி வந்ததுதான். 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு மாவட்டந்தோறும் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் வந்தன. எங்கள் ஆய்க்குடி அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்துக்கான நிறுவனம் முனைஞ்சிப்பட்டியில் அமைந்தது.

அட்டைகள் வந்தன

2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்தவர் எம்.பி. விஜயகுமார். ஆந்திராவில் உள்ள ரிஷி வேலிக்கு ஆசிரியர்களை அனுப்பி, அங்கே பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களாகவே படிப்பதை நேரில் பார்க்க வைத்தார்கள். திரும்பி வந்த ஆசிரியர்கள் தங்கள் வகுப்புக்கான அட்டைகளைத் தயாரித்தார்கள். என் கணிப்பில் இந்தக் கதையின் முக்கியமான இடம் இதுதான். ஓர் அட்டையைத் தயாரிக்க வேண்டுமென்றால், அடுத்த படிக்குப் போகப் பிள்ளைக்கு முதலில் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று ஆசிரியர் யோசித்தே ஆக வேண்டும். அதுவே நல்ல பயிற்சி.

2007-ல் இது மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. ஏணிப்படி, கம்பிப் பந்தல், தாழ்வான கரும்பலகை, பிள்ளைகளோடு தரையில் உட்காரும் டீச்சர் என்று வகுப்பறையே மாறிப்போனது. ஆனால் மற்ற ஊர் ஆசிரியர்களின் கைக்கு அட்டைகள் தயாராகவே வந்து சேர்ந்தன.

தப்பான விடைக்கும் காரணம் உண்டு

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். 42-லிருந்து 17-ஐக் கழித்தால் 35 என்று ஒரு பிள்ளை எழுதுகிறது. சரியான விடை 25. கவனக்குறைவு என்று சிவப்பு மையால் அடித்துவிடலாம். கொஞ்சம் உற்றுப் பார்த்தால், 2-லிருந்து 7 போகாது என்பதால் அந்தப் பிள்ளை 7-லிருந்து 2-ஐக் கழித்திருப்பது தெரியும். 'பெரியதிலிருந்து சிறியதைக் கழி' என்பது அதன் மனதில் விதியாகப் பதிந்திருக்கிறது. அந்தப் பிள்ளைக்குத் தேவை இன்னும் பத்துக் கழித்தல் கணக்குகள் அல்ல. ஒரு பத்துக் கட்டை அவிழ்த்தால் பத்துக் குச்சிகள் கிடைக்கும் என்பதைக் கையால் செய்து பார்க்க வேண்டும். இதை அட்டை கண்டுபிடிக்காது, ஆசிரியர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தேசியக் கலைத்திட்டம் 2005-க்காகக் கணிதக் கல்வி பற்றி அறிக்கை தந்த குழுவுக்குத் தலைவர், சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். ராமானுஜம். கணிதக் கல்வியின் முக்கியக் குறைகளாக அந்த அறிக்கை சொன்னவற்றில், பிள்ளைகளின் பயமும் ஆசிரியருக்குப் போதிய தயாரிப்பு இல்லாததும் இரண்டு. இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. கணக்கைப் பார்த்துப் பயந்தே படித்த ஒருவர் ஆசிரியரானால், அந்தப் பயத்தையும் சேர்த்தே வகுப்புக்குக் கொண்டுபோவார்.

முடிவுரை

2022-ல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. பிள்ளைகளை அவரவர் நிலைக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்கள். எண்சுவடி போய் அட்டை வந்தது, அட்டைக்குப் பின் பயிற்சி நூல் வந்தது. திட்டங்களின் பெயர் இன்னும் மாறலாம். "இது எப்படி வந்தது, சொல்லு பார்ப்போம்" என்று பிள்ளையிடம் பொறுமையாகக் கேட்கத் தெரிந்த ஆசிரியர் இருந்தால் எந்தத் திட்டமும் பலன் தரும். அப்படிக் கேட்கப் பழக்குவதுதான் ஆசிரியர் பயிற்சியின் முதல் பாடமாக இருக்க வேண்டும்.